ஹெரால்டின் இடுக்குகள்

நாங்குநேரியில் நண்பர் ஒருவரின் வீட்டுப் பின்கட்டில், முன்னாளில் மாட்டுத் தொழுவமாக இருந்த இடத்தில், சென்னையில் செய்யப்பட்ட ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் ஒன்று நின்றுகொண்டிருந்தது. இரண்டு கதவுகள் கொண்ட பழைய வகை. அதைப் பிரித்துச் சீராக்கி மீண்டும் ஓடவிட வேண்டும் என்ற ஆசையில் விடுமுறைதோறும் அங்கே கூடியவர்கள் நாங்கள். எங்களில் ஒருவருக்கும் இயந்திரத் தொழில் தெரியாது. புத்தகம் படிக்கிறவர்கள் என்பதைத் தவிர வேறு தகுதி எதுவும் எங்களுக்கு இருந்ததாகச் சொல்ல முடியாது.

எஞ்சினைக் கண்டுதான் முதலில் அஞ்சினோம். 948 சி.சி. கொள்ளளவுள்ள அந்தச் சிறிய எஞ்சினோ அவ்வளவாகத் தொல்லை தரவில்லை. எங்களைத் தோற்கடித்தது தகடு. வலப்பக்கக் கதவைச் சாத்தினால் அதன் பின்விளிம்புக்கும் உடற்கூட்டுக்கும் இடையே உள்ள இடுக்கு, மேலே ஒரு ரூபாய் நாணயம் நுழையாத அளவுக்கு ஒடுங்கியும் கீழே சுண்டுவிரல் நுழையும் அளவுக்கு விரிந்தும் இருந்தது. இடப்பக்கக் கதவில் வேறொரு கோணல். முன்மூடியைச் சாத்தினால் அது ஒரு தோளை உயர்த்திக்கொண்டு நின்றது.

இந்தக் கோணலைத் திருத்த முயன்றபோதுதான் இது எங்கே பிறந்தது என்று தேடத் தொடங்கினோம். நாங்குநேரிச் சாலைகளின் குழிகளைக் குற்றஞ்சாட்டினார் ஒரு நண்பர். சென்னை ஆலையைக் குற்றஞ்சாட்டினார் இன்னொருவர். இரண்டிலும் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் வேர் இன்னும் தொலைவில் இருந்தது. 1953இல் இங்கிலாந்தில் நடந்த ஒரு கம்பெனி விற்பனைதான் இந்த இடுக்குகளின் பிறப்பிடம் என்றே சொல்ல வேண்டும்.

ஆஸ்டின், மாரிஸ் என்னும் இரண்டு பெரும் நிறுவனங்கள் 1952இல் ஒன்றுசேர்ந்து பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன் ஆயின. அடுத்த ஆண்டே அந்தக் கூட்டு நிறுவனம் ஃபிஷர் அண்டு லட்லோ என்ற தகட்டு ஆலையை விலைக்கு வாங்கிக்கொண்டது. கார்களின் உடற்கூட்டை எஃகுத் தகட்டில் அழுத்தி வார்த்துக் கொடுப்பது அந்த ஆலையின் தொழில். கோவென்ட்ரியில் இருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனிக்கும் உடற்கூடு அங்கிருந்துதான் வந்துகொண்டிருந்தது. போட்டியாளரின் கைக்கு ஆலை போன பிறகு, இனிமேல் வரப்போகும் புதிய காருக்கு உடல் யார் செய்து தருவார்? இக்கேள்வியுடன் ஸ்டாண்டர்டு கம்பெனி சில ஆண்டுகள் தவித்தது.

அப்போது உலகம் முழுவதும் கார் செய்யும் முறை மாறிக்கொண்டிருந்தது. சேசிஸ் என்னும் அடிச்சட்டம் ஒன்று, அதன்மேல் உடல் ஒன்று எனத் தனித்தனியாகச் செய்வது பழைய வழக்கம். முட்டை ஓட்டைப் போல உடலே சட்டமாகவும் அமையும் ஒற்றைக்கூட்டு முறை புதியது. நம் அம்பாசிடர் அப்படிப்பட்டது. ஒற்றைக்கூட்டுக்கு மிகப்பெரிய அழுத்து எந்திரங்களும் பெருமுதலும் வேண்டும். ஸ்டாண்டர்டு கம்பெனிக்கு அதற்கான கூட்டாளி கிடைக்கவில்லை. ஆகவே காலத்தின் போக்குக்கு எதிர்த்திசையில் நடந்தார்கள். பொறியாளர் ஹாரி வெப்ஸ்டர் தலைமையில் பழையபடி தனி அடிச்சட்டம் ஒன்றைச் செய்தார்கள். உடலைப் பல துண்டுகளாகப் பிரித்து, வெவ்வேறு ஆலைகளில் செய்து வாங்கி, அவற்றைப் போல்ட்டு போட்டுச் சேர்ப்பது என்று முடிவாயிற்று. இத்தாலியின் டூரின் நகரத்து வடிவமைப்பாளர் ஜியோவானி மிக்கேலோட்டி 1957இல் அதற்குக் கூர்மையான கோடுகளில் ஒரு உருவம் வரைந்து கொடுத்தார். 1959 ஏப்ரலில் ட்ரையம்ஃப் ஹெரால்டு என்ற பெயரில் கார் வெளிவந்தது. நிர்வாக இயக்குநர் ஆலிக் டிக் வைத்திருந்த படகின் பெயரே காருக்கும் இடப்பட்டது என்பர்.

வறுமையில் செய்த சமையல் சில நேரம் விருந்தைவிட ருசிக்கும். துண்டுகளாகச் செய்ததால் பல வசதிகள் தாமாக வந்து சேர்ந்தன. கூரையைக் கழற்றினால் திறந்த கார். வேறு கூரையைப் பூட்டினால் கூப்பே. பின்பகுதியை மாற்றினால் சாமான் ஏற்றும் எஸ்டேட். முன்மூடி இரண்டு மட்கார்டுகளையும் சேர்த்துக்கொண்டு முன்னோக்கி மொத்தமாகக் கவிழும். எஞ்சினுக்கு முன்னால், டயரின்மேல் உட்கார்ந்துகொண்டு வேலை பார்க்கலாம். இருபத்தைந்து அடி வட்டத்துக்குள் வண்டி திரும்பிவிடும். பிரித்துப் பெட்டிகளில் அடைத்துக் கடல் கடந்து அனுப்புவதும் எளிது.

இந்தக் கடைசி வசதியே நம் கதைக்கு முக்கியம்.

சென்னையில் யூனியன் கம்பெனி மோட்டார்ஸ் நிறுவனம் கோவென்ட்ரிக் கம்பெனியுடன் சேர்ந்து 1948இல் ஸ்டாண்டர்டு மோட்டார் ப்ராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா என்ற அமைப்பைத் தொடங்கியது. ஆலை வண்டலூர்ப் பக்கம். முதலில் வான்கார்டு காரைப் பூட்டினார்கள். பிறகு ஸ்டாண்டர்டு டென் வந்தது. 1953இல் மத்திய அரசின் சுங்கவரி ஆணையம், உதிரிகளை இறக்குமதி செய்து பூட்டுவதோடு நிற்பவர்களுக்கு இனி இடமில்லை, உள்நாட்டில் உண்மையாகவே உற்பத்தி செய்யும் திட்டம் உள்ளவர்களே தொடரலாம் என்ற திசையில் பரிந்துரைத்தது. ஜெனரல் மோட்டார்ஸ், ஃபோர்டு போன்ற பெரிய பெயர்கள் அதையடுத்து இந்தியாவை விட்டுப் போயின. கல்கத்தாவின் இந்துஸ்தான், பம்பாயின் பிரீமியர், சென்னையின் ஸ்டாண்டர்டு என்று கார் செய்ய மூன்றே நிறுவனங்கள் மிஞ்சின. மூவரில் இளைத்தவர் சென்னைக்காரரே. பெரிய அழுத்து எந்திரங்களுக்குப் பெருமுதல் போட முடியாத ஒரு கம்பெனிக்கு, அதே காரணத்தால் துண்டுதுண்டாக வடிவமைக்கப்பட்ட ஒரு கார் வாய்த்தது. கோவென்ட்ரியின் ஏழ்மை சென்னையின் ஏழ்மைக்குப் பொருத்தமாக இருந்தது என்பது எங்கள் எண்ணம்.

1961இல் ஸ்டாண்டர்டு ஹெரால்டு சென்னையில் வந்தது. உள்நாட்டு உறுப்புகள் ஆண்டுக்காண்டு கூடின. இங்கிலாந்தில் ஒருபோதும் செய்யப்படாத நான்கு கதவு ஹெரால்டை அறுபதுகளின் பிற்பகுதியில் சென்னையில் செய்தார்கள். பிள்ளைகுட்டிகளோடு பயணம் போகும் நம் குடும்பங்களுக்கு முன்னிருக்கையை மடக்கி ஏறுவது சரிப்படவில்லை போலும். இங்கிலாந்தில் ஐந்து இலட்சத்துக்கும் மேல் செய்து 1971இல் ஹெரால்டை நிறுத்திவிட்டார்கள். நம்மவர்கள் அதே உடலைத் திருத்தி 1972இல் கெஸல் என்று பெயரிட்டு, பின்னச்சையும் மாற்றி, 1977 வரை ஓட்டினார்கள். அதன் பிறகு பல ஆண்டுகள் கார் இல்லை, வேன்கள் மட்டும். 1985இல் ஸ்டாண்டர்டு 2000 என்ற பெரிய கார் வந்தது. மூன்றே ஆண்டில் அதுவும் நின்றுபோனது. கம்பெனியின் கதை அத்துடன் முடிந்தது.

இனி தொழுவத்துக்குத் திரும்புவோம்.

அம்பாசிடரின் கதவு கோணினால் டிங்கர் சுத்தியலை எடுப்பார். கூடு பற்றவைக்கப்பட்டது. அதை அடித்தோ இழுத்தோதான் வழிக்குக் கொண்டுவர வேண்டும். ஹெரால்டில் சுத்தியலுக்கு வேலை குறைவு, வாஷருக்கு வேலை அதிகம். இதை எங்களுக்குச் சொல்லித் தந்தவர் வள்ளியூர்ப் பக்கம் பட்டறை வைத்திருந்து ஓய்ந்த ஒரு பெரியவர். நாங்கள் அவரை அண்ணாச்சி என்றே அழைத்தோம். முதல் நாள் வந்து காரைச் சுற்றி ஒரு நடை நடந்தார். கதவின் கீல்களைத் தளர்த்திக்கொண்டிருந்த எங்களைப் பார்த்து, “தம்பி, கதவப் பாக்காதிய. கதவு என்ன செய்யும்? அது நிக்கிற தூணப் பாருங்க” என்றார்.

ஹெரால்டின் உடலில் தரையும் சுவரும் ஒரே துண்டல்ல, இரண்டு தொட்டிகள். கண்ணாடிச் சட்டம், காலடித் தரை, கதவு தொங்கும் முன்தூண் ஆகியவை முன்தொட்டியைச் சேர்ந்தவை. கதவு வந்து பூட்டிக்கொள்ளும் பின்தூணும் பின்மட்கார்டுகளும் பின்தொட்டியைச் சேர்ந்தவை. இரண்டும் முன்னிருக்கைக்குப் பின்னால் குறுக்கே போல்ட்டால் இணைகின்றன. ஆக, கதவு ஒரு தொட்டியில் தொங்கி மறு தொட்டியில் பூட்டுகிறது. இரண்டு தொட்டிகளுக்கும் இடையே உள்ள உறவு எதுவோ அதைத்தான் கதவின் இடுக்கு காட்டுகிறது. மேலே ஒடுங்கிக் கீழே விரிந்தால் இரண்டு தூண்களின் தலைகளும் ஒன்றையொன்று நோக்கிச் சாய்ந்துள்ளன என்று பொருள். அதாவது காரின் நடு இடுப்பு தொய்ந்திருக்கிறது. மேலே விரிந்து கீழே ஒடுங்கினால் நடு இடுப்பு மேலெழும்பி இருக்கிறது. தொட்டிகள் அடிச்சட்டத்திலிருந்து கிளைகளாக நீளும் கைகளின்மேல் அமர்ந்துள்ளன. அந்தக் கைகளுக்கும் தொட்டிக்கும் நடுவே எத்தனை வாஷர் வைக்கிறோம் என்பதுதான் மருந்து.

இதைப் புரிந்துகொண்ட மகிழ்ச்சியில் உடனே ஜாக்கி வைத்து வண்டியைத் தூக்கினோம். அண்ணாச்சி சத்தம் போட்டார். வண்டி தன் சக்கரங்களில் தானே நிற்க வேண்டும். எஞ்சின் தன் இடத்தில் இருக்க வேண்டும். தரை மட்டமாக இருக்க வேண்டும். சட்டம் இரும்பாக இருந்தாலும் பாரத்துக்கு வளைந்து கொடுக்கும். காற்றில் தூக்கி வைத்து அளந்த இடுக்கு தரையில் இறக்கினால் பொய்யாகிவிடும். தொழுவத்தின் தரையோ மாட்டுக் கோமியம் வழிந்தோடுவதற்காகவே சாய்வாகப் போடப்பட்டது. இரண்டு நாள் ரசமட்டம் வைத்துப் பார்த்து, சக்கரங்களின் கீழே பலகை கொடுத்து மட்டப்படுத்தினோம். அந்த இரண்டு நாள் வீணல்ல என்பது பிறகு தெரிந்தது.

துருப்பிடித்த போல்ட்டுகள் கழல மறுத்தன. மண்ணெண்ணெயும் எஞ்சின் ஆயிலும் கலந்து ஊற்றி வாரக்கணக்கில் ஊறப் போட்டோம். இந்த ஊர்க் கோயிலில் பெருமாளுக்குச் சாத்திய எண்ணெயை ஊற்றிவைக்கும் கிணறு ஒன்று உண்டு. உடற்பிணிக்கு அந்த எண்ணெய் மருந்தென்று வாங்கிப் போகிறவர்கள் பலர். இரும்பின் பிணிக்கும் கேட்குமா என்று ஒரு நண்பர் ஆராயப் புறப்பட்டார். வீட்டுப் பெரியவர்கள் பார்த்த பார்வையில் உட்கார்ந்துவிட்டார்.

பிறகு முறையாகத் தொடங்கினோம். முதலில் பின்தொட்டி. அதை நிலைப்படுத்திய பின், கதவைப் பின்தூணோடு பொருந்தப் பிடித்துக்கொண்டு முன்தொட்டியை அதற்கேற்ப ஏற்றி இறக்கினோம். எந்த போல்ட்டையும் இறுக்கவில்லை, கைவிரலால் திருகும் அளவே. நடுப்பகுதிக் கைகளின்மேல் ஒரு வாஷர் கூட்டினால் கதவின் மேல் இடுக்கு கண் திறப்பதைப் போல விரியும். ஒரு மில்லிமீட்டர் தடிப்பு கீழே, மேலே அதன் விளைவு வேறு. அண்ணாச்சி வேப்பமரத்தில் ஆப்பு ஒன்று இழைத்து, அதில் பென்சிலால் கோடுகள் போட்டு வைத்திருந்தார். அதை இடுக்கில் செருகினால் எந்தக் கோடு வரை இறங்குகிறது என்று பார்ப்பார். ஐந்து மில்லிமீட்டர் சீராக வந்தால் போதும் என்பது அவருடைய கணக்கு. இரண்டு பக்கமும் ஒன்றையொன்று பாதிக்கும். வலது சரியாகும்போது இடது கெடும். கூரையைப் பூட்டினால் தூண்களின் தலைகள் மீண்டும் சற்று நகரும். புது ரப்பர் பட்டை போட்டால் கதவு வெளியே தள்ளி நிற்கும். இவை எல்லாவற்றையும் பெயின்ட் அடிப்பதற்கு முன்பே ஒருமுறை முழுமையாகப் பூட்டிப் பார்த்து, இடங்களைக் கீறி அடையாளம் வைத்து, மறுபடி பிரிக்க வேண்டும். பெயின்ட் அடித்த பிறகு கோணலைக் கண்டுபிடிக்கிறவன் அழத்தான் வேண்டும்.

முன்மூடி கடைசி. அதன் கீல் முன்னால், கீழே இருக்கிறது. அங்கே சிறிதளவு நகர்த்தினால் கண்ணாடியோரத்தில் பெரிதாகக் காட்டும். கதவுகள் தீர்மானமான பிறகே அதைத் தொடலாம். உயர்ந்து நின்ற தோள் அரைமணி நேரத்தில் தாழ்ந்தது. அதற்கு முன்னால் மூன்று மாதம் நாங்கள் அந்தத் தோளோடு மல்லுக்கட்டியிருந்தோம்.

பட்டி பூசினால் இத்தனை பாடு எதற்கு என்று கேட்கலாம். பல பட்டறைகளில் அதுவே நடைமுறை. இடுக்கு விரிந்த இடத்தில் விளிம்பைப் பட்டியால் வளர்த்து, தேய்த்து, பெயின்ட் அடித்துவிட்டால் புகைப்படத்தில் அழகாகவே இருக்கும். தகடு அதிர்வது, பட்டி அதிராது. சில ஆண்டுகளில் விரிசல் விட்டு, அதன் வழியே மழைநீர் இறங்கி, உள்ளிருந்து தின்னும்.

உண்மையான சண்டை வேறொரு இடத்தில் வந்தது. இடப்பக்கக் கையின்மேல் இருந்த பழைய வாஷர்களைக் கழற்றியபோது மூன்று இருந்தன. வலப்பக்கம் அதே இடத்தில் ஒன்றுதான். மூன்றில் இரண்டு ஒரே தடிப்பு, ஒன்று மெல்லியது. அவற்றின் விளிம்பில் காரின் முதல் வண்ணம் வழிந்து உறைந்திருந்தது. பிற்காலத்து மெக்கானிக் வைத்தவை அல்ல. உடலுக்கு முதற்பூச்சு அடிக்கும்போதே அவை அங்கே இருந்திருக்கின்றன. வண்டலூர் ஆலையில் ஒரு தொழிலாளி, பெயர் தெரியாதவர், இந்தக் காரின் முன் குனிந்து, கதவைச் சாத்திப் பார்த்து, போதவில்லை என்று மூன்றாவதாக ஒரு மெல்லிய வாஷரைச் செருகியிருக்கிறார். அப்படியும் இடப்பக்கக் கதவின் கீழ் இடுக்கு வலத்தைவிட இரண்டு மில்லிமீட்டர் கூடுதலாகவே இருந்திருக்க வேண்டும். போதும் என்று விட்டிருக்கிறார். அடுத்த கார் காத்திருந்திருக்கும்.

காரின் சொந்தக்காரரான நண்பர் எல்லாவற்றையும் புதிய ஒரே அளவு வாஷர்களாக்கி இரண்டு பக்கமும் ஐந்து மில்லிமீட்டருக்குக் கொண்டுவர விரும்பினார். அது முடியாத காரியமல்ல. முன்தொட்டியின் துளையைச் சற்று அரத்தால் நீட்டினால் போதும். இன்றைய ஜப்பானியக் கார்களின் சீரான இடுக்கைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது இனிமையாகவும் இருக்கும். எங்களில் சிலர் மறுத்தோம். துளையை நீட்டினால் அது இதுவரை எந்த ஹெரால்டுக்கும் இல்லாத துளை. சென்னைக் கம்பெனி ஒருநாளும் செய்திராத ஒரு நேர்த்தியை அதன் பெயரில் நாம் பதிப்பித்தவர்களாவோம்.

பதிப்பு என்ற சொல் அங்கே தானாக வந்து விழுந்தது. பிறகு பேச்சு உ.வே.சாமிநாதையர் பக்கம் போனது. ஏடு தேடி இந்தத் தாமிரபரணிக் கரை வரைக்கும், ஆழ்வார்திருநகரி வரைக்கும் வந்தவர் அவர். 1904இல் பதிற்றுப்பத்தை அச்சிட்டபோது முதற்பத்தும் பத்தாம்பத்தும் கிடைக்கவில்லை. கிடைக்காததைக் கிடைக்காததாகவே விட்டு எட்டுப் பத்துகளைத்தான் அச்சிட்டார். செய்யுள் இயற்றத் தெரியாதவரா அவர்? நிரப்பியிருந்தால் யாருக்குத் தெரிந்திருக்கும்? இடுக்கை அடைக்கும் ஆற்றல் உள்ளவன் அடைக்காமல் விடுவதும் ஒரு படிப்பு என்று நாங்கள் வாதிட்டோம். நண்பர் ஒத்துக்கொள்ளவில்லை. ஏடு எழுதியவனின் பிழையைத் திருத்தாமலா ஐயர் பதிப்பித்தார், திருத்தியதற்குத்தானே பதிப்பாசிரியர் என்று பெயர் என்று திருப்பிக் கேட்டார். அதற்கு எங்களிடம் முழுமையான விடை இல்லை என்பதை ஒத்துக்கொள்ள வேண்டும். கடைசியில் அண்ணாச்சியிடம் போனோம். அவர் மூன்று வாஷர்களையும் உள்ளங்கையில் வைத்துப் புரட்டிப் பார்த்தார். “கை வேல தெரிஞ்ச ஆளு வச்சிருக்கான். சட்டம் அந்தப் பக்கம் கொஞ்சம் தாழ்ந்திருக்கு. அது தெரிஞ்சுதான் வச்சிருக்கான்” என்றார். வாஷர்கள் மண்ணெண்ணெயில் கழுவப்பட்டு, பழைய வரிசையிலேயே, மெல்லியது நடுவில் வர, திரும்பப் போயின. துளை நீட்டப்படவில்லை.

பெயின்ட் முடிந்து பூட்டிய பின் முதல் ஓட்டம் ஏர்வாடி வழியாகத் திருக்குறுங்குடிக்கு. டி.வி.எஸ். என்று ஊரெல்லாம் அறிந்த டி.வி.சுந்தரம் ஐயங்கார் 1877இல் பிறந்த ஊர் அது. அவருக்கும் ஹெரால்டுக்கும் நேரான தொடர்பு எதுவும் இல்லை. ஆனால் தென்னாட்டில் மோட்டார் வண்டியை வாங்குவதைவிட நேரத்துக்கு ஓட்டுவதும் கெடாமல் காப்பதுமே பெரிது என்று காட்டியவர். அவருடைய பஸ்ஸைப் பார்த்துக் கடிகாரத்தைத் திருத்தினார்கள் என்ற பேச்சு இன்றும் உண்டு. இரண்டாம் உலகப் போரில் பெட்ரோல் கிடைக்காதபோது கரிவாயுவில் பஸ்களை ஓட்டினார்கள். நம்பி கோயில் தேரடியில் காரை நிறுத்தி, நால்வரும் இறங்கி, கதவுகளைச் சாத்தினோம்.

வலப்பக்கம் சீர். இடப்பக்கம் கீழே வழக்கமான இரண்டு மில்லிமீட்டர். முன்மூடி மட்டும் திரும்பி வரும்போது ஏர்வாடி தாண்டி லேசாகக் கடகடத்தது. வீட்டுக்கு வந்து பார்த்ததில், கண்ணாடியோரத்தில் மூடி வந்து அமரும் கூம்பு வடிவ ரப்பர்களில் ஒன்று அமுங்கியிருந்தது. அண்ணாச்சி அதைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, பழைய டயர் ரப்பரில் ஒன்று வெட்டிக் கொண்டுவருவதாகச் சொல்லிச் சைக்கிளை எடுத்தார்.